அடி இல்லாத பதினொரு பானைகள்

பதினாறு நாளும் அந்தச் சாக்குகள் காயவில்லை. காலையில் வந்ததும் ஒரு முறை, மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் ஒரு முறை, கொட்டகையைப் பூட்டுவதற்கு முன்னால் ஒரு முறை என்று இஞ்ஞாசியம்மாள் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள். குழாயில் தண்ணீர் வராத நாளில் ஏரிக்குப் போய்க் குடத்தில் எடுத்து வந்தாள். சாக்குக்கு மேலே பிளாஸ்டிக் தாள், அது பறக்காமல் ஓரங்களில் செங்கல். உள்ளே பதினொரு பானைகள் இருந்தன. ஆதிமூலம் சக்கரத்தில் வனைந்து வைத்துவிட்டுப் போனவை. ஒன்றுக்கும் அடி கிடையாது.

அடியில்லாத பானையா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். பானை சக்கரத்திலிருந்து முழுசாக இறங்கி வரும் என்று நினைப்பவர்கள் அவர்கள். பூந்தொட்டி அப்படி இறங்கும், டீ குவளை இறங்கும். சோறு பொங்குகிற உருண்டைப் பானை இறங்காது. வாயும் கழுத்தும் தோளும்தான் சக்கரத்தில் வரும். கீழ்ப்பக்கம் கனமான வளையமாகத் திறந்தே கிடக்கும். அதை நூலால் அறுத்தெடுத்து, நிழலில் வைத்து, ஒரு நாள் ஈரம் சுண்டவிட்டு, மறுநாள் மடியில் போட்டுத் தட்ட வேண்டும். உள்ளே ஒரு உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டத் தட்ட, அந்தக் கனம் மெலிந்து, பரவி, நாலு பக்கமிருந்தும் வந்து நடுவில் கூடிக்கொள்ளும். ஏரிக்கொட்டாய் என்கிற அந்த ஊரில் வனைவது ஆண், தட்டுவது பெண். ஆதிமூலம் வனைந்ததை இருபத்தாறு வருடமாக அவர் மனைவி பெரியநாயகிதான் தட்டினாள். ஒரு வீட்டு ஆள் வனைந்ததை இன்னொரு வீட்டுக்காரி தட்டுகிற வழக்கம் அங்கே இல்லை. கேட்டால், அடுத்தவள் அடுப்பில் போய் உலை வைப்பாயா என்பார்கள்.

இத்தனைக்கும் அது பொதுக்கொட்டகை. சங்கராபுரத்திலிருந்து மலைக்குப் போகிற ரோட்டை ஒட்டி, தகரக் கூரை போட்டது. மூன்று கரண்டு சக்கரம், மண் ஊறுகிற தொட்டி, பின்னால் ஒரு சூளை. எந்தச் சாதி, எந்தத் தெரு என்று கேட்காமல் யார் வேண்டுமானாலும் வந்து மண் மிதிக்கலாம். இஞ்ஞாசியம்மாளே அப்படி வந்தவள்தான். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவள், முதுகு போனபிறகு பதினைந்து வருடத்துக்கு முன்னால் இங்கே வந்து அகலும் பூந்தொட்டியும் பழகினாள். உருண்டைப் பானைக்கு அவள் போனதில்லை. பெரியநாயகிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தூக்குவாளியிலிருந்து குழம்பை எடுத்துத் தின்று, தன் தூக்குவாளியிலிருந்து களியைக் கொடுத்து, பதினைந்து வருடம் ஓடிவிட்டது.

அது கார்த்திகை மாதம். பலகை முழுக்க அகல்விளக்கு காய்கிற நேரம். பதினொரு பானைகள் இரண்டு பலகையை அடைத்துக்கொண்டிருந்தால் கொட்டகையை நடத்துகிற சங்கத்துச் செயலாளர் சின்னராசுவுக்குப் பொறுக்குமா? தினம் வந்து கேட்டான். பெரியநாயகி அண்ணி இனிமேல் எங்கே வரப்போகிறார்கள், பானையைத் தொட்டியில் போட்டால் மண்ணாவது மிச்சம் என்றான். இஞ்ஞாசியம்மாள் தினமும் "நாளைக்குப் பாக்கலாம்" என்றாள். அப்படிப் பதினாறு நாள் சொன்னாள்.

ஆதிமூலம் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமே இல்லை, அதுதான் கொடுமை. காலையில் பழைய சோற்றில் மோரை ஊற்றி, பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார். கொட்டகைக்கு வந்து மண்ணைப் பிசைந்தார். பதினொரு மணிக்குள் பதினொரு பானை வனைந்தார். முந்தின நாள் பானையைத் தட்டிக்கொண்டிருந்த பெரியநாயகியிடம், டீ வாங்கி வருகிறேன் என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனார். அவள் நிமிரவில்லை. ம் என்றாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே பக்கத்து ஆள் தோளில் சாய்ந்தார். தூக்கம் என்று நினைத்து அந்த ஆள் கொஞ்ச நேரம் தோளைக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறான். வந்த பஸ்ஸை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனார்கள். பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

சாவுக்கு வந்தவர்கள் ஆறிலும் சாவு நூறிலும் சாவு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஐம்பத்து மூன்றைப் பற்றி அந்தப் பழமொழியில் ஒன்றும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மறுநாள் காலை இஞ்ஞாசியம்மாள் பெரியநாயகி வீட்டுக்கு வந்தாள். விடிந்ததிலிருந்து தூறல். கல்வராயன் மலை இருக்கிற திசையில் மலையையே காணோம், வெள்ளையாக மூடிக் கிடந்தது. வீட்டுக்குள் மகள் இலக்கியா பித்தளைக் குண்டான்களைக் கோணிப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளை நைனார்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவன் அன்புச்செல்வன் தங்கமான பிள்ளை, மாமியாரைத் தன்னோடு வைத்துக்கொள்கிறேன் என்று தானாகவே சொன்னவன். சாயங்காலம் மூன்று மணிக்கு ஆட்டோ சொல்லியிருந்தார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பது என்று முடிவாகியிருந்தது.

பெரியநாயகி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறந்த வீட்டார் போட்ட புதுப் புடவையின் மொடமொடப்பு இன்னும் போகவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்திருந்தாள். பதினாறு நாள் மண் படாத கை வெளுத்து, நகக்கண்ணெல்லாம் சுத்தமாக, யாருடைய கையோ போல இருந்தது.

இஞ்ஞாசியம்மாள் முதலில் மழையைப் பற்றிப் பேசினாள். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டாள். பிறகுதான் சொன்னாள்.

"பானைங்க இன்னும் ஈரமாத்தான் இருக்குது, பெரியநாயகி. இன்னிக்கி ஒரு நாளு தாங்கும். அதுக்கு மேல என்னால முடியாது."

பெரியநாயகிக்கு எந்தப் பானை என்று புரியவில்லை. புரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மிதிச்சி தொட்டியில போட்டுடுங்கக்கா."

"போட்டுருப்பேன். கையி வர்ல."

இலக்கியா கோணிப்பையை விட்டுவிட்டு வந்தாள். அவளுக்கு இஞ்ஞாசியம்மாள்மேல் மரியாதை உண்டு. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் மடியில் படுத்துத் தூங்கியவள்தான். இருந்தாலும் அன்றைக்குக் கோபம் வந்துவிட்டது.

"பெரிம்மா, அம்மா ரெண்டு வாயி சோறு துன்னு பதினாறு நாளாவுது. இப்பத்தான் எங்கூட வரேன்னு ஒத்துக்கினு இருக்குது. பானைய காட்டி மறுபடியும் இன்னாத்துக்கு அழ வெக்கிறீங்க?"

"நான் இன்னா அழ வெக்கவா வந்தேன்? உங்கப்பா வனைஞ்சத ஊரான் வூட்டு அகலு பண்றதுக்குப் போட மனசு வர்ல. நாளிக்கு அது தொட்டிக்குப் போயிடும். உங்கம்மா கேக்கறப்ப நான் இன்னா பதிலு சொல்லுவேன்?"

வாசல் பக்கம் பார்த்தபடி பெரியநாயகி பேசினாள். யாரிடம் என்றில்லாமல் பேசினாள்.

"அன்னிக்கி அவரு டீக்குப் போனாரு இல்ல. வர்றதுக்கு நேரமாச்சி. இந்த மனுசன் எவங்கிட்ட கத பேசிக்கினு நிக்கிறாரோ, டீ ஆறிப்போவுமேனு நான் திட்டிக்கினு இருந்தேன்கா. அவரு உசுரு போய்க்கினு இருந்திருக்குது, நான் இங்க திட்டிக்கினு இருந்தேன்."

இலக்கியாவுக்கு இது தெரியாது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பெரியநாயகி எழுந்து, புதுப் புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கொடியில் கிடந்த பழைய மண்கறைப் புடவையைக் கட்டிக்கொண்டாள். மூன்று மணிக்குள் வந்துவிடுவதாக மகளிடம் சொன்னாள்.

புருஷன் செத்துப் பதினேழாம் நாள் ஒருத்தி தெருவில் நடந்தால் ஊர் சும்மா இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது. எதிரே சைக்கிளில் வந்தவன் இறங்கி ஓரமாக நின்றான். அது மரியாதையா, சகுனமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. கொட்டகையில் பத்துப் பெண்கள் அகல் செய்துகொண்டிருந்தார்கள். சின்னராசு அவளைப் பார்த்தான், வரிசையாகக் காய்கிற கார்த்திகை விளக்குகளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், வாங்க அண்ணி என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டான். அவ்வளவு நல்ல புத்தி அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

பெரியநாயகி தன் இடத்தில் உட்கார்ந்தாள். இஞ்ஞாசியம்மாள் சாக்கை எடுத்தாள். பதினொன்றும் கருப்பாக, ஈரம் குறையாமல், வாய் கீழாகக் கவிழ்ந்திருந்தன. திறந்த அடிப்பக்கம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. உருண்டைக் கல்லும் பலகையும் அவள் வைத்த இடத்திலேயே இருந்தன. ஒட்டாமல் இருக்கத் தூவுகிற சாம்பலும் சிரட்டையில் இருந்தது. முதல் பானையை மடியில் போட்டுக் கல்லை உள்ளே விட்டவள், விட்ட வேகத்தில் கையை வெளியே எடுத்துக்கொண்டாள். பானையை வெளிச்சத்துக்குச் சாய்த்து உள்ளே பார்த்தாள்.

உள்சுவர் முழுக்க ஆதிமூலத்தின் விரல் இருந்தது. வனையும்போது உள்ளே கொடுத்த விரல், அடியிலிருந்து கழுத்துவரை சுற்றிச் சுற்றி ஏறிய கோடு. நடுவிரலில் கரும்பு அரிவாள் பட்டு நகம் இரண்டாகப் பிளந்தவர் அவர். அந்தப் பிளவு கோட்டுக்குள் மெல்லிய இன்னொரு கோடாக ஓடியது. எல்லாப் பானையிலும் இருந்தது. இன்றைக்கு என்று இல்லை. இருபத்தாறு வருடமாக எல்லாப் பானையிலும் இருந்துதான் வந்திருக்கிறது. அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. மடியில் போடுவாள், கல்லை விடுவாள், தட்டுவாள், அழிந்துவிடும். எத்தனை ஆயிரம் பானை. எவ்வளவு கோடு. புருஷன் கையைத் தன் கையாலேயே தினம் அழித்துக்கொண்டு, இடையில் மருமகன் வீட்டு விசேஷத்தைப் பற்றியும் ரேஷன் சர்க்கரையைப் பற்றியும் பேசிக்கொண்டு இருந்திருக்கிறாள். அத்தனை நாளையும் ஒன்றுமில்லாத நாள் என்றுதான் நினைத்திருந்தாள்.

இஞ்ஞாசியம்மாளும் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. தட்டினால் கோடு போய்விடும், தட்டாவிட்டால் பானை இல்லை. பதினாறு நாள் தண்ணீர் தெளித்தபோது இதை யோசிக்கவில்லையே என்று அவளுக்கு வருத்தமாகிவிட்டது. ஒன்றை மட்டும் அப்படியே சூளையில் வைத்துச் சுட்டுக் கொடுத்துவிடட்டுமா, வீட்டில் வைத்துக்கொள், காலத்துக்கும் இருக்கும் என்றாள்.

பெரியநாயகி சாய்த்த பானையை மறுபடியும் மடியில் இருத்திக்கொண்டாள்.

"அடியில்லாதத அவரு பானைனு ஒத்துக்க மாட்டாருக்கா. அரகொறையா ஒண்ணு வெச்சா திட்டுவாரு."

அந்தக் கோட்டுக்குள் தன் விரலை வைத்தாள். அடியிலிருந்து கழுத்துவரை ஒரு சுற்று சுற்றிவந்தாள். பிறகு சாம்பலைத் தொட்டுக்கொண்டு கல்லை உள்ளே விட்டுத் தட்ட ஆரம்பித்தாள்.

கை மறக்கவில்லை. தப் தப் என்று முதலில் கனமாக, பிறகு மண் மெலிய மெலியச் சத்தமும் மெலிந்து, கடைசியில் அடி கூடும்போது உள்ளங்கையில் தட்டுகிற மாதிரி வரும். அந்தச் சத்தம் பதினாறு நாளாகக் கொட்டகையில் இல்லை. அகல் செய்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு பானைக்கும் அவள் முதலில் கோட்டில் விரலை வைத்துச் சுற்றினாள், பிறகு அழித்தாள். ஒன்று முடிய அடுத்தது. மத்தியானம் இஞ்ஞாசியம்மாள் களியை உருட்டி முருங்கைக்கீரைக் குழம்பில் தோய்த்து வாயருகே கொண்டுபோனாள். அவள் கையை நிறுத்தாமலே வாயைத் திறந்தாள். நாலு உருண்டை உள்ளே போயிற்று.

பத்துப் பானை முடிந்தபோது மணி இரண்டரை இருக்கும். பதினோராவதை மடியில் போட்டாள். அதன் வாய் விளிம்பு மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடிப்பாக இருந்தது. கடைசிப் பானைக்கு மிச்ச மண்ணை அதிலேயே ஏற்றிவிடுவது ஆதிமூலத்தின் பழக்கம். அதில் விரலை விட்டு இரண்டு முறை, மூன்று முறை சுற்றினாள். பிறகு தட்டினாள். அடி கூடிற்று. வழவழப்பாகிவிட்டது. இறக்கிவைக்க வேண்டியதுதான். அவள் இறக்கவில்லை, தட்டிக்கொண்டே இருந்தாள். பானையைத் திருப்பித் திருப்பித் தட்டினாள். சத்தம் காகிதத்தில் தட்டுகிற மாதிரி ஆகிவிட்டது.

இஞ்ஞாசியம்மாளுக்குப் பயம் வந்தது.

"போதும் பெரியநாயகி. ஆயிடுச்சி. வுடு."

அவள் காதில் விழவில்லை. இஞ்ஞாசியம்மாள் எழுந்து வருவதற்குள் பலகை ஒரு முறை உள்ளே போயிற்று. பானையின் அடி கிழிந்து, உள்ளே இருந்த கல் வெளியே தெரிந்தது.

தட்டுகிற பெண்கள் முதல் வருடத்தில் செய்கிற தப்பு அது. எப்போது நிறுத்துவது என்று தெரியாதவர்கள் செய்வது. இருபத்தாறு வருடத்தில் பெரியநாயகி ஒரு பானையைக் கிழித்ததில்லை.

கிழிந்த பானையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் அழுதாள். பிணத்தை எடுத்தபோது ஊருக்காக அழுததுபோல் இல்லை இது. வாயைத் திறந்து, மூச்சுக் கிடைக்காமல், குழந்தை மாதிரி அழுதாள். அகல் செய்த பெண்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். இஞ்ஞாசியம்மாள் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோ வந்துவிட்டது என்று அம்மாவைக் கூப்பிட வந்த இலக்கியா, கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எனக்கு ஒரு மொழம் பூ வாங்கியாந்ததில்ல இந்த மனுசன். ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல. ஆனா தெனம் எனக்குனு பாதிய வெச்சிட்டுதான் எந்திரிப்பாரு. நான் அத வேலைனு நெனச்சிக்கினு இருந்தேன்கா. வேலைனே நெனச்சிக்கினு இருந்துட்டேன்."

தூறல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அழுகை தேய்ந்து விக்கலாகி, விக்கலும் நின்றது. பெரியநாயகி மூக்கைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கிழிந்த பானையைத் துண்டு துண்டாகப் பிய்த்தாள். தண்ணீரில் போட்டுக் குழைத்தாள். தொட்டியில் ஊறிய மண்ணில் இரண்டு கை எடுத்து அதோடு சேர்த்துக் காலால் மிதித்தாள். மண் ஒன்றாகும்வரை மிதித்தாள். உருட்டி எடுத்து, ஆதிமூலம் உட்காருகிற சக்கரத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு இஞ்ஞாசியம்மாளைப் பார்த்தாள்.

இஞ்ஞாசியம்மாள் பதறிப்போனாள். நான் பூந்தொட்டிக்காரி, பானை எனக்கு வராது, கோணலாகப் போகும், அதுவும் அவர் இடத்தில் என்று என்னென்னவோ சொன்னாள். பெரியநாயகி சுவிட்சைப் போட்டாள். சக்கரம் சுற்றியது. வேறு வழியில்லாமல் இஞ்ஞாசியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

பானை கோணலாகத்தான் வந்தது. கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வாய் வட்டமாகவே இல்லை. ஆதிமூலம் பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பார். இருந்தும் ஏதோ ஒரு உருவம் எழும்பி நின்றது. பூந்தொட்டிப் பழக்கத்தில் இஞ்ஞாசியம்மாளின் கட்டைவிரல் அடியை அழுத்தித் தட்டையாக்கப் போயிற்று. பெரியநாயகி குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அடி வெக்காதக்கா. அத எனக்கு வுட்டுடு."

இஞ்ஞாசியம்மாள் கையை எடுத்தாள். நூலைக் கொடுத்து அறுத்து, இரண்டு பேருமாகப் பானையைத் தூக்கிப் பலகையில் வைத்தார்கள். அதற்குள் வெளியே ஆட்டோக்காரன் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டான். இலக்கியா உள்ளே வந்து அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"போலாமாம்மா?"

பெரியநாயகி அந்தக் கோணல் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவில்லை.

"இன்னிக்கி வனைஞ்சத நாளிக்குத்தான்டி தட்ட முடியும்" என்றாள்.

இலக்கியா ஆட்டோவை அனுப்பிவிட்டு வர வெளியே போனாள்.